பவர்ஷெல்லும் எஸ்கியூஎல் சர்வரும்: தரவு கைமாறும் இடத்தில் கற்றவை

நான் பணிபுரியும் உற்பத்தி நிறுவனத்தில் கொள்முதல், சரக்கிருப்பு, அனுப்புகை ஆகிய மூன்றின் கணக்குகளும் மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் என்ற மென்பொருளில் ஓடும் தரவுத்தளம் ஒன்றில் இருக்கின்றன. அன்றாடப் பட்டியல்களுக்காக ஒருவர் அதன் நிர்வாகக் கருவியான மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவைத் திறந்து, வினவலை (தரவைக் கேட்கும் கட்டளையை) ஓட்டி, விடையை நகலெடுத்து எக்செலில் ஒட்டி அனுப்புவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. அவர் விடுப்பில் இருக்கும் நாளில் பட்டியல் வராது. அந்த வேலைகளை, விண்டோஸின் கட்டளை ஷெல்லான பவர்ஷெல்லில் தானாக ஓடும் ஸ்கிரிப்டுகளாக மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. இணைப்பை ஏற்படுத்தி வினவலை அனுப்புவது பத்துப் பன்னிரண்டு வரிகளில் முடிந்துவிடுகிற வேலைதான். ஆனால் தரவுத்தளத்தின் தரவு வகைகளும் ஷெல்லின் தரவு வகைகளும் சந்திக்கும் இடத்தில் விடை ஓசையின்றி மாறிப்போக வாய்ப்பிருக்கிறது. பிழைச்செய்தி தரும் கோளாறை அன்றே சரிசெய்துவிடலாம். பிழைச்செய்தி தராத கோளாறு தவறான எண்ணாகக் கணக்குப் பிரிவுக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே இங்கு அந்த இரண்டாம் வகையைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

பவர்ஷெல்லைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளியது. 2006ஆம் ஆண்டு வெளிவந்த இந்த ஷெல், மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டின் மீது கட்டப்பட்டது. ஆகவே எஸ்கியூஎல் சர்வருடன் பேசுவதற்கான வகுப்புகள் (ஆயத்த நிரல்கூறுகள்) விண்டோஸ் கணினியில் முன்பே இருக்கின்றன. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுடன் 5.1 பதிப்பு சேர்ந்தே வருவதால், எதையும் புதிதாக நிறுவுவதற்கு அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், விடை வெறும் உரையாக வராமல் பொருளாக வருவது. எஸ்கியூஎல்சிஎம்டி என்ற கட்டளைவரிக் கருவியின் வெளியீட்டை ஒரு பேட்ச் கோப்பில் பிடித்தால், நெடுவரிசைகள் வெற்றிடம் இட்டு நிரப்பிய எழுத்து வரிகளாக வந்து நிற்கும். எங்கே வெட்டுவது என்று நாம்தான் கணக்கிட வேண்டும். பவர்ஷெல்லில் தேதி தேதியாகவும், தொகை டெசிமலாகவும் வந்து சேர்கின்றன.

முதலில் இணைப்பு. இணைப்பு கிடைக்கவில்லை என்றால், கோளாறு எந்தப் படியில் இருக்கிறது என்பதைப் பிழைச்செய்தியே சொல்லிவிடுகிறது. அதைப் பொறுமையாகப் படிப்பவர்கள் குறைவு. வலையமைப்பு சார்ந்த பிழை என்று தொடங்கும் செய்தி வந்தால் சர்வரையே இன்னும் எட்டவில்லை என்று பொருள். அந்நிலையில் கடவுச்சொல்லை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. 18456 என்ற எண் வந்தால் சர்வரை எட்டிவிட்டோம், உள்நுழைவுதான் மறுக்கப்பட்டிருக்கிறது. இந்த 18456 பிழையில் நம் பக்கம் எப்போதும் நிலை எண் 1 என்றே காட்டப்படும். கடவுச்சொல் தவறா, கணக்கு முடக்கப்பட்டிருக்கிறதா என்ற உண்மையான நிலை எண், பாதுகாப்பு கருதி, சர்வரின் பிழைப்பதிவில் மட்டுமே எழுதப்படுகிறது. எனவே தரவுத்தள நிர்வாகியிடம் கேட்கும்போது நேரத்தைக் குறிப்பிட்டு அந்தப் பதிவைப் பார்க்கச் சொல்வதே குறுக்கு வழி. 4060 வந்தால் உள்நுழைந்தாயிற்று, கேட்ட தரவுத்தளத்தைத் திறக்கத்தான் இயலவில்லை. பெயரில் எழுத்துப் பிழையோ, அந்தத் தரவுத்தளத்தில் நமக்கு உரிமை இல்லையோ இருக்கலாம்.

சர்வரை எட்டவில்லை என்றால் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையில் சர்வர் பெயரையும் 1433 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்துப் பார்ப்பேன். பெயரிட்ட இன்ஸ்டன்ஸாக (தனிப் பெயரில் நிறுவிய எஸ்கியூஎல் சர்வராக) இருந்தால் கதை சற்று வேறு: அதன் போர்ட் ஒவ்வொரு தொடக்கத்திலும் மாறக்கூடும், அது எது என்பதை எஸ்கியூஎல் சர்வரின் பிரௌசர் சேவை யுடிபி 1434 வழியாகச் சொல்லும். அந்தக் கட்டளை டிசிபியை மட்டுமே சோதிப்பதால் ஃபயர்வால் யுடிபி 1434ஐத் தடுப்பது அதில் தெரியாது. எங்கள் கிளை அலுவலகத்தில் இதுவே நடந்தது. நிலையான போர்ட் ஒன்றை ஒதுக்கச் செய்து, இணைப்பு விவரங்களைத் தாங்கும் இணைப்புச் சரத்தில் சர்வர் பெயருக்குப் பின் அந்த எண்ணை எழுதியதும் சரியானது. பெயருக்கும் எண்ணுக்கும் இடையில் வர வேண்டியது காற்புள்ளி. இணைய முகவரிகளில் பழகிய கை முக்காற்புள்ளியைத்தான் இடும். அது இங்கு வேலை செய்யாது.

பழைய ஸ்கிரிப்டைப் புதிய கணினிக்கு மாற்றியதும் சான்றிதழ்ச் சங்கிலி நம்பத்தக்கதல்ல என்ற பிழை வருவதைப் பலர் சந்தித்திருப்பார்கள். சர்வருடன் இணைக்கும் ஓடிபிசி டிரைவரின் 18ஆம் பதிப்பு, பவர்ஷெல்லுக்கான எஸ்கியூஎல்சர்வர் மாட்யூலின் 22ஆம் பதிப்பு ஆகியவற்றிலிருந்து இணைப்பை மறையாக்கம் செய்வது கட்டாய இயல்புநிலை ஆகிவிட்டது. சர்வர் தானே தயாரித்துக்கொண்ட சான்றிதழை இவை ஏற்பதில்லை. ‘ட்ரஸ்ட் சர்வர் சர்டிஃபிகேட்’ என்ற அமைப்பை இட்டால் பிழை மறைந்துவிடும், ஆனால் எதிரில் இருப்பது நம் சர்வர்தானா என்ற சரிபார்ப்பும் அத்துடன் மறைந்துவிடும். சோதனைக் கணினியில் அது பொறுக்கத்தக்கது. நடைமுறைச் சர்வரில் நிறுவனத்தின் உள்சான்றளிப்பு அமைப்பிடம் சான்றிதழ் பெற்று நிறுவுவதே முறை என்பது என் உறுதியான கருத்து.

கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள் எழுதுவதை எக்காரணம் கொண்டும் நான் ஏற்பதில்லை. டொமைனுக்குள் (நிறுவனக் கணினிகளையும் பயனர்களையும் ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்புக்குள்) இருக்கும் கணினி என்றால் விண்டோஸ் அடையாளத்தையே பயன்படுத்தும் ‘இன்டெக்ரேட்டட் செக்யூரிட்டி’ போதும். குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் டாஸ்க் ஷெட்யூலரில் ஓடுபவற்றுக்கு நாங்கள் குரூப் மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுண்ட் வைத்திருக்கிறோம். அதன் கடவுச்சொல்லை டொமைனே உருவாக்கித் தானே மாற்றிக்கொள்வதால் மனிதர் எவருக்கும் அது தெரியாது. எஸ்கியூஎல் உள்நுழைவுதான் வேண்டும் என்ற இடத்தில் எக்ஸ்போர்ட்-சிஎல்ஐஎக்ஸ்எம்எல் கட்டளையால் பயனர்பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைக் கோப்பில் சேமிக்கலாம். விண்டோஸில் அந்தக் கோப்பைச் சேமித்த அதே பயனர், அதே கணினியில் மட்டுமே திறக்க முடியும். ஆகவே நம் கணக்கில் சேமித்துவிட்டு, ஷெட்யூலரில் வேறொரு கணக்கில் ஓடவிட்டால் அது திறக்காது. லினக்ஸில் இந்தக் கட்டளை மறையாக்கமே செய்வதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வினவலை அனுப்ப இரண்டு வழிகள். ஒன்று, இன்வோக்-எஸ்கியூஎல்சிஎம்டி என்ற ஆயத்தக் கட்டளை. மற்றொன்று, டாட்நெட்டின் எஸ்கியூஎல்கனெக்‌ஷன், எஸ்கியூஎல்கமாண்ட் வகுப்புகளை நேரடியாகப் பயன்படுத்துவது. ‘கோ’ என்ற பிரிப்பு வரிகள் நிறைந்த நிறுவல் ஸ்கிரிப்டுகளுக்கு முதல் வழிதான் பொருத்தம், ஏனெனில் ‘கோ’ என்பது எஸ்கியூஎல் சர்வரின் வினவல் மொழியான டி-எஸ்கியூஎல்லின் கட்டளை அன்று, கருவிகள் மட்டும் புரிந்துகொள்ளும் குறி. எஸ்கியூஎல்கமாண்டிடம் கொடுத்தால் இலக்கணப் பிழை என்றே சொல்லும். ஆனால் முதல் வழியில் எழுத்து நெடுவரிசைகள் இயல்பாக 4000 எழுத்துகளோடு வெட்டப்படுகின்றன. எங்கள் தரப்பரிசோதனைக் குறிப்புகள் அதைவிட நீண்டவை; கோப்பில் அவை பாதி வாக்கியத்தில் நின்றன, எச்சரிக்கை எதுவும் இல்லை. மேக்ஸ்சார்லெங்த் என்ற அளவை உயர்த்தினால் முழுமையாக வரும். இருந்தாலும், வெளியிலிருந்து மதிப்புகளை உள்ளே அனுப்ப வேண்டிய வினவல்களுக்கு நான் வகுப்புகளையே நாடுகிறேன்.

வினவலை இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் டாலர் குறியில் தொடங்கும் எதையும் பவர்ஷெல் தன் மாறியாக எண்ணி நிரப்பப் பார்க்கும். இருக்கும் வரியைத் திருத்தி, இல்லாததைச் சேர்க்கும் மெர்ஜ் கூற்றில் எந்த வரி சேர்க்கப்பட்டது, எந்த வரி திருத்தப்பட்டது என்பதைச் சொல்லும் $ஆக்‌ஷன் என்ற சொல், இரட்டை மேற்கோள் கொண்ட பல்வரிச் சரத்துக்குள் இருந்தால் சர்வரை அடையும் முன்பே காணாமல் போகிறது. வினவல்களை எப்போதும் ஒற்றை மேற்கோள் பல்வரிச் சரத்தில், அதாவது @' என்று தொடங்கி '@ என்று முடியும் வடிவில் எழுதுவதை எங்கள் குழுவின் விதியாகவே வைத்திருக்கிறோம்.

இனி விடை திரும்பி வரும் பக்கம். வழக்கமாக எழுதப்படும் செயற்கூறு (பெயரிட்டு அழைக்கும் நிரல்பகுதி) இப்படி இருக்கும்: விடையை எடுத்துவரும் டேட்டாஅடாப்டர் ஒன்றை உருவாக்கி, வெற்று டேட்டாடேபிளை (நினைவகத்தில் இருக்கும் அட்டவணையை) அதன் ஃபில் முறையிடம் கொடுத்து நிரப்பி, அந்த டேட்டாடேபிளைத் திருப்பித் தருவது. பிற மொழிகளில் இது சரி. பவர்ஷெல்லில், பிடித்துவைக்கப்படாத ஒவ்வொரு மதிப்பும் செயற்கூறின் வெளியீட்டில் சேர்ந்துவிடும். ஃபில் முறை எத்தனை வரிகளை நிரப்பியது என்ற எண்ணைத் திருப்பித் தருகிறது. அந்த எண்ணும் விடையோடு கலந்துவிடுகிறது. முப்பத்தேழு வரிகள் உள்ள விடை என்றால், அழைத்தவருக்கு முதலில் 37 என்ற எண்ணும், அதன்பின் முப்பத்தேழு வரிகளும் வரும். எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி கட்டளை தனக்கு வரும் முதல் பொருளின் பண்புகளை வைத்தே தலைப்புகளைத் தீர்மானிக்கிறது. முதல் பொருள் வெறும் எண்ணாக இருந்தால் தலைப்பு இல்லை, தரவும் இல்லை. ஃபில்லுக்கு முன் [வாய்ட்] என்று எழுதுவதோ, விடையை $நல் மாறிக்குள் தள்ளிவிடுவதோ போதும். தரவைத் திருத்தும் கட்டளையை ஓட்டி, மாறிய வரிகளின் எண்ணைத் தரும் எக்ஸிக்யூட்நான்க்வெரி முறைக்கும் இதே கவனம் வேண்டும்.

மற்றொரு சிக்கல், விடையில் ஒரே ஒரு வரி மட்டும் இருக்கும் நாளில் தோன்றும். பவர்ஷெல் டேட்டாடேபிளைப் பிரித்து வரிகளாக அனுப்புவதால், பல வரிகள் இருந்தால் அழைத்தவர் கையில் இருப்பது பட்டியல். ஒரே வரி இருந்தால் பட்டியல் அன்று, தனி டேட்டாரோ, அதாவது ஒற்றை வரிப் பொருள். பட்டியலில் [0] என்று கேட்டால் முதல் வரி கிடைக்கும். தனி டேட்டாரோவில் [0] என்று கேட்டாலும் பிழை வராது, ஏனெனில் அதற்கும் சுட்டெண் உண்டு. ஆனால் கிடைப்பது அந்த வரியின் முதல் நெடுவரிசை. நிலுவை ஒன்றே ஒன்று இருந்த நாளில் எங்கள் அறிவிப்பு மின்னஞ்சலில் வாடிக்கையாளர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக வந்ததற்கு இதுவே காரணமாக இருந்தது. செயற்கூறை அழைக்கும் இடத்தில் அழைப்பு முழுவதையும் @( ) என்ற அடைப்புக்குள் வைத்துவிட்டால், பூஜ்யம், ஒன்று, பல என எத்தனை வரி வந்தாலும் பட்டியலாகவே இருக்கும்.

வெற்று மதிப்பு இன்னும் நுட்பமானது. தரவுத்தளத்தில் மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் நல், பவர்ஷெல்லின் $நல்லாக வருவதில்லை. டிபிநல் என்ற தனிப் பொருளாக வருகிறது. 5.1 பதிப்பில் அதை $நல்லுடன் ஒப்பிட்டால் ‘சமமில்லை’ என்பதே விடை. நிபந்தனையில் இட்டால் ‘உண்மை’ என்று கொள்ளப்படும். அனுப்பிய தேதி பதிவாகாத சரக்குகள் அனைத்தும் ‘அனுப்பப்பட்டவை’ என்ற பிரிவில் சேர்வதற்கு இந்த ஒன்று போதும். பவர்ஷெல் 7 டிபிநல்லை $நல்லுக்குச் சமமாகவே ஒப்பிடுகிறது. ஆகவே ஒரே ஸ்கிரிப்ட் இரு பதிப்புகளில் இரு விடைகளைத் தரும். மதிப்பின் வகை டிபிநல் தானா என்று வெளிப்படையாகக் கேட்கும் சோதனை இரண்டிலும் ஒன்றுபோல் செயல்படுவதால் அதையே எழுதுவது நல்லது. எதிர்த்திசையிலும் இதே எல்லை உண்டு: வினவலுக்குள் மதிப்பை அனுப்பும் பாராமீட்டரின் மதிப்பாக $நல்லைக் கொடுத்தால், அந்தப் பாராமீட்டர் தரப்படவே இல்லை என்று சர்வர் மறுக்கும், டிபிநல்லைத்தான் கொடுக்க வேண்டும்.

மதிப்புகளை வினவல் சரத்தோடு ஒட்டி எழுதக் கூடாது என்பதற்குப் பாதுகாப்புக் காரணத்தை எல்லோரும் அறிவார்கள். தாக்குபவர் எவரும் இல்லாத உள்அலுவலக ஸ்கிரிப்டிலும் அது தவறுதான். டி'சோசா என்ற வாடிக்கையாளர் பெயரில் உள்ள மேற்கோள் குறி வினவலை உடைத்துவிடும். அது கண்ணுக்குத் தெரியும் கோளாறு. தேதி அப்படியன்று. பவர்ஷெல் ஒரு தேதியைச் சரத்துக்குள் நிரப்பும்போது, கணினியின் வட்டார அமைப்பு எதுவானாலும், மாதம் முன்னும் நாள் பின்னுமாகவே எழுதுகிறது. ஜூன் 5 என்பது 06/05 ஆகிறது. சர்வரில் அந்த உள்நுழைவின் மொழி பிரிட்டிஷ் ஆங்கிலமாக இருந்தால், நாள் முன்னும் மாதம் பின்னுமாகப் படித்து மே 6 என்று கொள்ளும். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களில் தவறான தேதியின் விடை அமைதியாக வரும். பதின்மூன்றாம் நாளில்தான் பிழை எழும். தேதி வகைப் பாராமீட்டராக அனுப்பினால் இரு பக்கமும் எழுத்து வடிவமே இல்லை, குழப்பமும் இல்லை.

பாராமீட்டரைச் சேர்க்க ஆட்வித்வேல்யூ என்ற சுருக்க வழி இருக்கிறது. அது சரங்களை எப்போதும் யூனிகோடு எழுத்து வகையான என்வார்சாராகவே அனுப்புகிறது. நெடுவரிசை வார்சாராக இருந்து, பழைய எஸ்கியூஎல் வகைக் கொலேஷனும் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதியும்) சேர்ந்துவிட்டால், சர்வர் ஒவ்வொரு வரியின் மதிப்பையும் என்வார்சாராக மாற்றித்தான் ஒப்பிட வேண்டியிருக்கும். விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் இருந்தும் அதைக் கொண்டு நேரே தேடாமல் முழுவதையும் புரட்டும். மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் உடனே விடை தரும் வினவல் ஸ்கிரிப்டில் மட்டும் தாமதிக்கிறது என்றால் இதை முதலில் சந்தேகியுங்கள். வகையையும் நீளத்தையும் நாமே குறிப்பிட்டு ஆட் முறையால் சேர்ப்பதே சரி.

நீளத்தைக் குறிப்பிடும்போது தமிழ் கையாள்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். என்வார்சார்(20) என்பது இருபது தமிழ் எழுத்துகளைக் குறிக்காது. உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும் யூனிகோடில் தனித்தனிக் குறியீடுகள். கிருஷ்ணமூர்த்தி என்ற பெயர் நம் கணக்கில் எட்டு எழுத்து. சர்வரின் கணக்கில் பதினைந்து. முதலெழுத்தும் ஊர்ப்பெயரும் சேர்ந்தால் இருபது போதாது. அட்டவணையின் நெடுவரிசை சிறியதாக இருந்தால் சர்வர் பிழை சொல்லி மறுக்கும். ஆனால் நாம் பாராமீட்டருக்குக் குறித்த நீளம் சிறியதாக இருந்தால், அனுப்பும் முன்பே சரம் வெட்டப்பட்டு, வெட்டப்பட்ட பெயர் எந்த மறுப்பும் இன்றிப் பதிவாகிவிடும். வெட்டு துணைக்குறிக்கு முன் விழுந்தால் ‘மூ’ என்பது ‘ம’ என்றாகிப் பெயரே மாறிப்போகும். வார்சாரில் தமிழையும் ஏற்கும் யுடிஎஃப்-8 கொலேஷன் எஸ்கியூஎல் சர்வர் 2019 முதல் கிடைக்கிறது. அங்கு நீளம் பைட்டுகளில் கணக்கிடப்படுவதாலும், தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகள் என்பதாலும், இடத்தை இன்னும் தாராளமாக ஒதுக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறும் சிக்கலுக்கு மூன்று இடங்கள் காரணமாகலாம், அவற்றைத் தனித்தனியே பார்க்க வேண்டும். வினவலுக்குள் நேரடியாகத் தமிழ்ச் சரம் எழுதியிருந்து, அதன் மேற்கோளுக்கு முன் பெரிய ‘என்’ எழுத்தை இடாவிட்டால், தரவுத்தளத்தின் கொலேஷன் தமிழை அறியாதபோது அது கேள்விக்குறிகளாகவே சேமிக்கப்படும். பின்னர் மீட்க வழியில்லை. ஸ்கிரிப்ட் கோப்பு பிஓஎம் (தொடக்கத்தில் எழுத்துமுறையைக் காட்டும் குறி) இல்லாத யுடிஎஃப்-8 ஆக இருந்தால் 5.1 பதிப்பு அதைக் கணினியின் பழைய கோட்பேஜ் (வட்டார எழுத்துத் தொகுப்பு) என்று எண்ணிப் படிக்கும்; தமிழ் சிதைந்த லத்தீன் குறிகளாகும். மூன்றாவது, வெளியீடு: 5.1 பதிப்பின் எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி இயல்பாக ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கியில் எழுதுகிறது, அதில் தமிழுக்கு இடமே இல்லை. என்கோடிங் அளவில் யுடிஎஃப்8 என்று குறிப்பிட்டால் 5.1 பிஓஎம்முடன் எழுதும், எக்செல் அதைச் சரியாகத் திறக்கும். பவர்ஷெல் 7 இயல்பாகவே யுடிஎஃப்-8இல் எழுதுகிறது, ஆனால் பிஓஎம் இல்லாமல். அந்தக் கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் சிதைந்து தெரியும். ஆகவே அங்கு யுடிஎஃப்8பிஓஎம் என்றே கேட்க வேண்டும். சிதைந்த குறிகளாகத் தெரிந்தால் தரவு பிழைத்திருக்கிறது, படிக்கும் முறைதான் தவறு. கேள்விக்குறிகளாகவே இருந்தால் தரவு அந்த இடத்தோடு போய்விட்டது. முதலில் பார்க்க வேண்டிய வேறுபாடு இதுவே.

கண்காணிப்பவர் இல்லாமல் இரவில் ஓடும் ஸ்கிரிப்டில், டாட்நெட் முறை ஒன்று தோற்றால் பவர்ஷெல் அந்தக் கூற்றை மட்டும் கைவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். இணைப்புத் திறக்காத நாளிலும் வெற்றுக் கோப்பு உருவாகி, ‘நிலுவை ஏதுமில்லை’ என்ற பொருளில் அனுப்பப்பட்டுவிடலாம். ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே, பிழை வந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்லும் எரர்ஆக்‌ஷன்பிரிஃபரன்ஸை ‘ஸ்டாப்’ என்று வைத்து, பிழை எழுந்தால் பதிவில் எழுதிவிட்டுப் பூஜ்யமல்லாத எண்ணுடன் வெளியேறச் செய்கிறேன். அப்போதுதான் டாஸ்க் ஷெட்யூலரும் தோல்வி என்று காட்டும். இணைப்பை மூடும் வரி பிழை எழுந்தாலும் ஓடும் ஃபைனலி தொகுதிக்குள் இருக்க வேண்டும். மூடாத இணைப்புகள் சேர்ந்து, மறுபயன்பாட்டுக்காக இணைப்புகளை வைத்திருக்கும் பொதுத்தொகுப்பின் இயல்பான உச்சமான 100ஐ எட்டினால், அடுத்த இணைப்பு காத்திருந்து தோற்கும். நீண்ட வினவல்களுக்குக் விடைக்குக் காத்திருக்கும் நேரமான கமாண்ட்டைம்அவுட்டின் இயல்பான 30 நொடி போதாது என்பதையும் கூறிவிடுகிறேன்.

இணைப்புச் சரத்தில் ‘அப்ளிகேஷன் நேம்’ இடுவதற்கு ஒரு நொடிதான் ஆகும். அதை இடாவிட்டால் சர்வரின் அமர்வுப் பட்டியலில் எங்கள் ஸ்கிரிப்டுகள் அனைத்தும் டாட்நெட்டின் பொதுப்பெயரிலேயே தெரியும். ஏதோ ஒன்று அட்டவணையைப் பூட்டி வைத்திருக்கும்போது எது என்று நிர்வாகியால் சொல்ல இயலாது. இப்போது ஸ்கிரிப்டின் பெயரே அங்கு தெரிவதால் அவர் நேரடியாக எங்களை அழைக்கிறார்.

படிக்க மட்டுமே செய்யும் ஸ்கிரிப்டுகளுக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொண்ட தனி உள்நுழைவைக் கேட்டுப் பெற்றோம். தரவைத் திருத்துபவை மிகச் சில. அவை ஒவ்வொன்றும் டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடி, எத்தனை வரிகள் மாறின என்று எக்ஸிக்யூட்நான்க்வெரி தரும் எண்ணை எதிர்பார்த்த எண்ணுடன் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் ரோல்பேக் செய்யும், அதாவது மாற்றங்களைத் திரும்பப் பெறும். சர்வரிலேயே சேமித்துவைத்த நிரலான ஸ்டோர்டு புரொசீஜருக்குள் ‘செட் நோகவுண்ட் ஆன்’ என்ற வரி இருந்தால் மட்டும், எத்தனை வரிகள் மாறியிருந்தாலும் அந்த எண் -1 என்றே வரும். பெரும்பாலான புரொசீஜர்களில் அந்த வரி வழக்கமாகவே இருப்பதால், மாறிய வரிகளின் எண்ணிக்கையை அவுட்புட் பாராமீட்டர் வழியாகத் திருப்பித் தருமாறு எங்கள் புரொசீஜர்களைத் திருத்தி எழுதி, ஒப்பீட்டை அந்த எண்ணுடன் செய்கிறோம்.